மூணு பர்சென்ட் மந்திரம்

வீடு மாற்றப் போகிறீர்களா? சந்தோஷம். புது வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, ஹவுஸ் ஓனர் மாடியிலேயே குடியிருக்கிறாரா, சமையலறை எந்த மூலையில் இருக்கிறது, பால் காய்ச்ச எந்த நாள் தோது என்று எல்லாவற்றையும் விசாரித்திருப்பீர்கள். ஒன்றை மட்டும் விசாரித்திருக்க மாட்டீர்கள். இருபது வருடமாக நீங்கள் சேர்த்த அத்தனை சாமானையும் ஒரே நாளில் ஏற்றிக்கொண்டு போகப் போகிறாரே, அந்த ஆசாமி யார்?

'யாரா இருந்தா என்ன சார்? பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ். போன் பண்ணேன், வர்றேன்னுட்டாங்க.'

வருவார்கள். முதலில் பளிச்சென்று ஒரு பையன் வருவான். ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டு ஒரு கொட்டேஷன் எழுதுவான். பேக்கிங் இவ்வளவு, ஏத்து கூலி, இறக்கு கூலி இவ்வளவு, லாரி வாடகை இவ்வளவு. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி இருக்கும்: 'இன்ஷூரன்ஸ் - 3%.' சிலர் ஒன்றரை போடுவார்கள், சிலர் இரண்டு. 'மொத்த சாமானுக்கும் வேல்யூ அஞ்சு லட்சம்னு போட்டுக்கலாமா சார்? அதுல மூணு பர்சென்ட். வழியில எது உடைஞ்சாலும் ஃபுல் க்ளெய்ம். நீங்க நிம்மதியா தூங்கலாம்.'

ஐந்து லட்சத்தில் மூன்று சதவிகிதம், பதினைந்தாயிரம் ரூபாய். லாரி வாடகையே இருபதாயிரம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முக்கால் பங்கை நிம்மதிக்காக மட்டும் கொடுக்கிறீர்கள். அந்தப் பதினைந்தாயிரம் எங்கே போகிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

நான் சொல்கிறேன். உங்கள் கையில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பாலிசி வந்து சேராதவரை, அது நேராக அவர் பாக்கெட்டுக்குத்தான் போகிறது. அதற்குப் பெயர் இன்ஷூரன்ஸ் இல்லை.

இந்த நாட்டில் நினைத்தவரெல்லாம் இன்ஷூரன்ஸ் விற்க முடியாது. 1938-ம் வருடத்து இன்ஷூரன்ஸ் சட்டம் இருக்கிறது. அதைக் கண்காணிக்க 1999-ல் ஒரு தனிச் சட்டம் போட்டு, ஐ.ஆர்.டி.ஏ. என்று ஓர் ஆணையத்தையே வைத்திருக்கிறார்கள். அங்கே பதிவு செய்த கம்பெனிகள் மட்டும்தான் பிரீமியம் வாங்கிக்கொண்டு ஆபத்தை ஏற்கலாம். லாரி புக்கிங் ஆபீஸ்காரர் தன் பில் புக்கில் 'இன்ஷூரன்ஸ்' என்று ஒரு வரி அச்சடித்துவிட்டால் அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆகிவிட மாட்டார். தெருமுனை டீக்கடைக்காரர் உங்களிடம் பத்தாயிரம் வாங்கிக்கொண்டு 'ஃபிக்சட் டெபாசிட்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் கடை பேங்க் ஆகிவிடுமா? அதே கதைதான்.

நிஜமான இன்ஷூரன்ஸ் எப்படி இருக்கும்? அதில் கம்பெனியின் பெயர் இருக்கும். பாலிசி நம்பர் இருக்கும். எங்கிருந்து எங்கே போகிற சாமான், என்ன மதிப்பு என்பது இருக்கும். முக்கியமாக, உங்கள் பெயர் இருக்கும். அந்த நம்பரைக் கம்பெனிக்குப் போன் செய்து சரிபார்த்துக்கொள்ளலாம். இதற்கு 'மரைன்' பாலிசி என்று பெயர். சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்குப் போகும் ஃபிரிட்ஜுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்ப வேண்டாம். சரக்குக் காப்பீடு கப்பலில் ஆரம்பித்த சமாச்சாரம் என்பதால் அந்தப் பெயர் தரையிலும் ஒட்டிக்கொண்டது.

அதிலும் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. 'சி' என்றால் தீ, இடி இரண்டுக்கும்தான் பணம் வரும். 'பி' என்றால் லாரி மோதினாலும் கவிழ்ந்தாலும் சேர்த்து வரும். 'ஏ' என்றால்தான், விலக்கு என்று எழுதிய சில காரணங்கள் தவிர மற்ற எல்லாச் சேதத்துக்கும் பாதுகாப்பு. வீடு மாற்றும்போது லாரியா தீப்பிடிக்கிறது? பீரோ கண்ணாடி உடைகிறது, டி.வி. ஸ்கிரீனில் கோடு விழுகிறது, கட்டில் கால் பிளக்கிறது. 'சி' பாலிசியை வாங்கிக் கொடுத்துவிட்டு 'இன்ஷூரன்ஸ் இருக்கு சார்' என்றால் அது பொய் இல்லை. ஆனால் உங்கள் கண்ணாடிக்குப் பைசா வராது. 'ஏ' பாலிசியிலும் ஒரு முடிச்சு உண்டு. பேக்கிங் சரியில்லாததால் உடைந்தது என்று சர்வேயர் எழுதிவிட்டால் கம்பெனி கையை விரித்துவிடும்.

சரி, பேக்கர்ஸ்காரர் உஷாரானவர். 'இது இன்ஷூரன்ஸ்னு நாங்க சொல்லலையே சார். ரிஸ்க் சார்ஜ். எங்க பொறுப்புல எடுத்துட்டுப் போறோம், அதுக்கான காசு' என்கிறார். இன்னும் நல்லதாகப் போயிற்று. இப்போதுதான் அவர் வசமாக மாட்டுகிறார்.

சரக்கு ஏற்றிச் செல்கிறவர்களுக்கென்று 2007-ல் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டது. சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். 2011-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்னால் 1865-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது. புதுச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா?

ஒன்று: கூலிக்குச் சரக்கு ஏற்றுகிற தொழிலைப் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் நடத்தக் கூடாது.

இரண்டு: சாமான் தொலைந்தாலோ சேதமானாலோ, ஏற்றிப் போனவரின் அலட்சியத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை.

மூன்று: நீங்கள் ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்காவிட்டாலும் அவருக்குப் பொறுப்பு உண்டு. வாடகையைப் போலப் பத்து மடங்கு வரை; நீங்கள் எழுதிக் கொடுத்த மதிப்புக்கு மேல் போகாமல்.

மூன்றாவதை இன்னொரு தடவை படியுங்கள். வாடகை இருபதாயிரம் என்றால் இரண்டு லட்சம் ரூபாய் வரைக்கும் பொறுப்பு ஏற்கெனவே அவர் தலையில் இருக்கிறது. சட்டம் சும்மாவே கொடுத்திருக்கிற இதைத்தான் உங்களிடம் பதினைந்தாயிரத்துக்கு விற்கிறார்கள்!

அதற்கு மேலும் மதிப்புள்ள சாமான் என்றால், கூடுதல் ரிஸ்குக்குக் கூடுதல் காசு கேட்க அவருக்கு உரிமை உண்டு. சட்டமே அனுமதிக்கிறது. ஆனால், அந்த ரேட்டை இங்கிலீஷிலும் அந்த மாநிலத்து மொழியிலும் எழுதித் தன் ஆபீஸில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்க வேண்டும். காசை வாங்கினால் அதற்கேற்பப் பொறுப்பும் ஏற வேண்டும். நீங்கள் பார்த்த எந்தப் பேக்கர்ஸ் ஆபீஸில் தமிழில் அப்படி ஒரு போர்டு தொங்கியது? ஆபீஸையே பார்த்ததில்லை என்கிறீர்களா? அதுவும் சரிதான்.

ஆகவே கணக்கு சுலபம். அந்த மூன்று பர்சென்ட் இன்ஷூரன்ஸ் என்றால், பாலிசி எங்கே? ரிஸ்க் சார்ஜ் என்றால், முழு மதிப்புக்கும் நீங்கள்தான் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள். இரண்டும் இல்லாத மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதற்கு ஊரில் வேறு பெயர்.

பில்லைத் திருப்பிப் பாருங்கள். எறும்பு சைஸ் எழுத்தில், இங்கிலீஷில் இருபது நிபந்தனைகள். அதில் தவறாமல் ஒன்று: 'கூட்ஸ் கேரிட் அட் ஓனர்ஸ் ரிஸ்க்.' சாமானுக்கு நேரும் ஆபத்து சாமான்காரருடையது. முன்பக்கம் ரிஸ்குக்காகக் காசு வாங்கியாகிவிட்டது. பின்பக்கம் அதே ரிஸ்கை உங்கள் தலையிலேயே திருப்பிக் கட்டியாகிவிட்டது. இந்த வித்தையை மேடை போட்டுச் செய்தால் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

ஆனால், பயப்படாதீர்கள். 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று எழுதிவிட்டதாலேயே ஏற்றிப் போனவரின் பொறுப்பு போய்விடாது என்று 2000-த்திலேயே, அதாவது பழைய சட்டம் இருந்தபோதே, உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதே பின்பக்கத்தில் இன்னொரு பூச்சாண்டி இருக்கும்: 'வழக்கு எதுவானாலும் எங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊர் கோர்ட்டில் மட்டுமே.' ஊர் பெரும்பாலும் வடக்கே எங்கேயோ இருக்கும். அதையும் ஒதுக்கித் தள்ளுங்கள். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே, வேலை பார்க்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கோர்ட் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சாமான் புக் செய்த தேதியிலிருந்து 180 நாட்களுக்குள், 'இன்ன இன்ன சேதம்' என்று எழுத்து மூலமாக அவர்களுக்கு நோட்டீஸ் போயிருக்க வேண்டும். 'பார்க்கலாம் சார், ஹெட் ஆபீஸ்ல பேசிட்டிருக்கோம்' என்று மாதக்கணக்கில் உங்களை இழுத்தடிப்பது எதற்காக என்று இப்போது புரிகிறதா?

இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. போனில் பேசியது பதினெட்டாயிரம். சாமான் முழுக்க லாரியில் ஏறி, கதவு சாத்தியான பிறகு போன் வரும். 'சாமான் எதிர்பார்த்ததைவிட ஜாஸ்தி சார். இன்னும் பன்னிரண்டாயிரம் போட்டாத்தான் வண்டி நகரும்.' உங்கள் அடுப்பு, துணிமணி, பிள்ளையின் பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் அந்த லாரிக்குள் பணயக் கைதிகள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், 'இது சிவில் மேட்டர், பேசித் தீர்த்துக்கங்க' என்பார்கள். பேசிய வாடகை பாக்கி என்றால் சிவில்தான். பேசாத பணத்துக்காகச் சாமானை மறித்து வைத்துக்கொண்டு மிரட்டினால் அது சிவில் இல்லை. ஏற்றிச் செல்லக் கொடுத்த பொருளில் நம்பிக்கை மோசடி செய்கிற சரக்குக்காரருக்கென்றே பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 407-வது பிரிவு இருந்தது. 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 316-வது பிரிவுக்குள் இருக்கிறது. ஏழு வருடம் வரை உள்ளே போகலாம். ஸ்டேஷனில் இந்த நம்பரைச் சொல்லிப் பாருங்கள். பேச்சின் தொனி மாறும்.

எல்லாப் பேக்கர்ஸும் இப்படித்தானா? இல்லை. பாலிசியைக் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சொன்ன காசுக்கு மேல் ஒரு ரூபாய் கேட்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் என்ன மரியாதை செய்கிறீர்கள்? 'பக்கத்துத் தெருக்காரன் எட்டாயிரம் கம்மியா சொல்றான்' என்று அவர்களை அனுப்பிவிடுகிறீர்கள்.

இனி கொஞ்சம் உங்கள் பக்கம் வருகிறேன். கோபப்படாமல் கேளுங்கள்.

இந்த மந்திரம் பலிக்கிறது என்றால் அதற்கு நாமும் உடந்தை. நாலு இடத்தில் ரேட் கேட்டு, எதில் கம்மியோ அதைப் பிடிக்கிறோம். லாரி வாடகை, கூலி, டீசல், அட்டைப்பெட்டி எல்லாம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே விலை. ஒருவர் மட்டும் பாதி விலைக்கு எப்படி வருவார்? மிச்சத்தை வழியில் வசூலிக்கப் போகிறார். பெரிய கம்பெனியின் பெயருக்கு முன்னால் 'நியூ', 'ஸ்ரீ', 'ஓம்' என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு நடத்துகிறவரை, அந்தப் பெரிய கம்பெனி என்றே நம்புகிறோம். ஜி.எஸ்.டி. நம்பர் பதினைந்து எழுத்து. இணையத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று அரை நிமிஷத்தில் வந்துவிடும். பார்ப்பதில்லை.

ஊருக்குள்ளேயே மாற்றுகிறவர்கள் கதை இதைவிட மோசம். ஒரு குட்டி யானையும் நாலு ஆளும் போதும், வாய்ப்பேச்சே ஒப்பந்தம். துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

டிரான்ஸ்ஃபரில் போகிற உத்தியோகஸ்தர்களில் சிலர் ஒருபடி மேலே போகிறார்கள். 'பில்லை மட்டும் கொஞ்சம் ஏத்திப் போட்டுக் குடுங்க. ஆபீஸ்ல க்ளெய்ம் பண்ணணும்.' போட்டுத் தருவார், சந்தோஷமாக. ஏனென்றால் அந்த நிமிஷத்திலிருந்து நீங்கள் அவருடைய ஆள். நாளைக்கு உங்கள் டி.வி. உடைந்தால் எந்த பில்லை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவீர்கள்? பொய் பில்லையா?

அப்புறம் அந்த லிஸ்ட். பேக்கிங் என்றால் அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் டேப்பும் குமிழ் வைத்த பிளாஸ்டிக் ஷீட்டும் என்று நினைக்கிறோம். அதெல்லாம் அவர்கள் வேலை. நம்முடைய பேக்கிங் லிஸ்ட்தான். 'பாத்திரம் 4 பெட்டி, துணி 6 பெட்டி, இதர 9 பெட்டி' என்று அவர் எழுதியதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு 'இதர'வில் இருந்த மிக்ஸி காணோம் என்றால் யார் நம்புவார்? ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் போடுங்கள். உள்ளே என்ன என்று எழுதுங்கள். பெரிய சாமானுக்குத் தனித் தனியாக மதிப்பு எழுதுங்கள். கட்டுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பழைய கீறல் இருந்தால் அதையும் நீங்களே எழுதிவிடுங்கள். அப்போதுதான் புதுக் கீறலுக்கு மரியாதை. நகையும் பத்திரமும் சர்ட்டிஃபிகேட்டும் லாரியில் ஏறவே கூடாது. அவை உங்கள் மடியிலேயே வரட்டும்.

முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின் வாங்கியபோது, பின்னால் நாலு நீள போல்ட் போட்டு வந்தது ஞாபகம் இருக்கிறதா? உள்ளே இருக்கிற டிரம் பயணத்தில் ஆடாமல் பிடித்துக்கொள்ள வைத்தது அது. கழற்றி எங்கே போட்டீர்கள்? அது இல்லாமல் ஐந்நூறு கிலோமீட்டர் குலுங்கிப் போய், ஓட்டும்போது கடகடவென்று சத்தம் வந்தால், 'மெஷின் பழசு சார்' என்று சொல்லிவிடுவார்கள். ஃபிரிட்ஜை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். படுக்கப் போட்டால் கம்ப்ரஸர் ஆயில் போகக் கூடாத குழாய்க்குப் போகும். ஏற்றும்போதே பார்த்துச் சொல்ல வேண்டியது வீட்டுக்காரர் கடமை. நாமோ அந்த நேரத்தில் மாடித் தோட்டத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு இடம் பிடித்துக்கொண்டிருப்போம்.

இறக்கி முடித்ததும் ஒரு பேப்பரை நீட்டுவார்கள். 'எல்லாம் சரியா வந்து சேர்ந்ததுன்னு ஒரு சைன் சார்.' அசதியில் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவோம். தயவுசெய்து வேண்டாம். பெட்டிகளை எண்ணுங்கள். உடைந்தது தெரிந்தால் அந்தப் பேப்பரிலேயே எழுதுங்கள். பிரிக்க நேரமில்லை என்றால், 'பெட்டிகள் பிரித்துப் பார்க்கப்படவில்லை' என்றாவது எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்த ஒரு வரிக்காக ஆறு மாதம் கழித்து உங்களை நீங்களே மெச்சிக்கொள்வீர்கள்.

புது வீடு முடிய இரண்டு மாதம் ஆகும், அதுவரை சாமான் குடோனில் இருக்கட்டும் என்கிறவர்களுக்கும் இதே பாடம்தான். 'ஸ்டோரேஜ்ல பூச்சி அரிச்சா, ஈரம் இறங்கினா நிறுவனம் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருப்பார்கள். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு, அடுத்தவர் பொருளை வைத்திருப்பவர், சாதாரண விவேகம் உள்ள மனிதர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. தன் வீட்டு மெத்தையை எவராவது ஒழுகுகிற தகரக் கொட்டகையில் தரையோடு போடுவாரா? மாத வாடகை பேசும் முன் குடோனை நேரில் போய்ப் பாருங்கள். தரையிலிருந்து உயர்த்தி, பலகை மேல் அடுக்குகிறார்களா என்று பாருங்கள்.

கடைசியாக, ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டேஷன் எழுதின பையன் இல்லை. உங்கள் ஸ்டீல் பீரோவைத் துண்டைச் சும்மாடாக வைத்து முதுகில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி இறங்குகிறானே, அவன். ஒரு ஆள் சுமக்கிற எடைக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லேயே ஓர் உடன்படிக்கை போட்டது. கூடவே வந்த பரிந்துரை, வளர்ந்த ஆணுக்கே 55 கிலோவுக்கு மேல் கூடாது என்கிறது. பீரோ அதைவிட எவ்வளவு அதிகம் என்று தூக்குகிறவனுக்குத்தான் தெரியும். கண்ணாடி உடைந்ததும் நாம் யார் மேல் பாய்கிறோம்? அவன் மேல். நீங்கள் கொடுத்த மூன்று பர்சென்ட்டில் அவனுக்கு ஒரு பைசா போவதில்லை. முதலாளி அவன் கூலியைப் பிடித்தால் கேட்க நாதி கிடையாது. பீரோவுக்கு இன்ஷூரன்ஸ் கேட்கிற நாம், அதைச் சுமக்கிறவனுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா? பாலிசியைக் கேட்கும்போது சேர்த்தே கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்கிறவரிடம் ஐயாயிரம் அதிகமானாலும் சாமானைக் கொடுங்கள்.

அரசாங்கமும் கொஞ்சம் கண் திறக்கலாம். சரக்குக்காரர்களைப் பதிவு செய்கிற அதிகாரம் மாநிலப் போக்குவரத்து அதிகாரிகளிடம்தான் இருக்கிறது. வீட்டுச் சாமான் ஏற்றுகிறவர்களில் பதிவு பெற்றவர் யார் யார் என்று ஊர் வாரியாகத் தமிழில் ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலிலும் ஒட்டட்டும். 'பாலிசி நம்பர் குறிப்பிடாமல் இன்ஷூரன்ஸ் என்று பில்லில் எழுதக் கூடாது' என்று ஒரு உத்தரவு போடட்டும். கஜானாவுக்குப் பெரிய செலவு ஒன்றும் வராது.

அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை அந்தப் பளிச்சென்ற பையன் 'மூணு பர்சென்ட் இன்ஷூரன்ஸ் சார்' என்று எழுதும்போது, டீ கொடுத்து உட்கார வைத்து, சிரித்த முகத்தோடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

'எந்தக் கம்பெனி தம்பி? பாலிசி நம்பர் சொல்லு, எழுதிக்கிறேன்.'

சொன்னால் சாமானை ஏற்றுங்கள். தலையைச் சொறிந்தால், டீக்கு நன்றி சொல்லி அவனை அனுப்பிவிட்டு அடுத்த ஆளுக்குப் போன் போடுங்கள்.